யாருக்கான ‘நார்மல்’? கர்ப்பிணி உடலில் கொரோனா

ஒன்பதாம் மாதத்தில் நாலு படி ஏறினால் எந்தப் பெண்ணுக்கும் மூச்சு வாங்கும். கால் வீங்கும், மல்லாந்து படுத்தால் நெஞ்சை அடைக்கும், இரவில் மூக்கு ஒழுகாமலே அடைத்துக்கொள்ளும். “பிள்ளை மேலே ஏறி நிக்கு, அப்படித்தான் இருக்கும்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். 2020-ல் வந்த கொரோனா வைரஸ் இந்த அன்றாடத் தொந்தரவுகளுக்குள்தான் புகுந்து மறைந்துகொண்டது. எது கர்ப்பத்தின் இயல்பு, எது நோயின் தொடக்கம் என்று பிரிப்பது வீட்டில் இருந்தவர்களுக்கு மட்டுமல்ல, மருத்துவர்களுக்கும் சிரமமாக இருந்தது. மருத்துவம் கையில் வைத்திருந்த அளவுகோல்களில் பல, கர்ப்பமில்லாத உடலை வைத்து வரையப்பட்டவை.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், திருமங்கலம் – கொல்லம் சாலையில் இருக்கும் கடையநல்லூர் இந்தச் சிக்கலைப் பார்ப்பதற்குப் பொருத்தமான ஊர். இதை உள்ளடக்கிய தென்காசி மாவட்டம் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து செயல்படத் தொடங்கியது 2019 நவம்பர் 22-ல். நான்கே மாதத்தில் ஊரடங்கு வந்துவிட்டது. 2020 ஏப்ரலில் பக்கத்து ஊரான புளியங்குடியில் தொற்று கூடி, தெருக்கள் அடைக்கப்பட்டன. கடையநல்லூரில் பல வீட்டு ஆண்கள் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்ப்பவர்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் வழக்கம் எல்லாச் சமூகங்களிலும் உண்டு. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் கேட்ட அந்த நாள்களில், நிறைமாதக்காரியை எங்கே வைத்துப் பார்ப்பது என்பதே வீட்டுக்கு வீடு பெரும் கவலையாக இருந்தது.

முதல் கணிப்பு ஏன் தவறியது?

சுவாசத் தொற்று கர்ப்பிணிகளைக் கடுமையாகத் தாக்கும் என்பது நூறு வருடத்துக்கு முன்பே தெரிந்த விஷயம். 1918 இன்ஃப்ளுவென்சா கொள்ளைநோயின்போது அமெரிக்க மருத்துவர் ஜே. டபிள்யூ. ஹாரிஸ் 1,350 கர்ப்பிணிகளின் விவரங்களைத் திரட்டினார். அவர்களில் பாதிப் பேருக்கு நிமோனியா கண்டிருந்தது. 27 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். 2003-ல் ஹாங்காங்கில் சார்ஸ் தாக்கிய 12 கர்ப்பிணிகளில் மூவர் இறந்தார்கள்.

இத்தனை முன்கதை இருந்தும், 2020 பிப்ரவரியில் சீனாவுக்குச் சென்ற உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டுக் குழு ஆறுதலான செய்தியோடு வந்தது. அது ஆராய்ந்த 147 கர்ப்பிணிகளில் 8 சதவீதம் பேருக்கே நோய் கடுமையாகி இருந்தது. உயிருக்குப் போராடும் நிலைக்குப் போனவர்கள் 1 சதவீதம். பொதுமக்களிடம் கண்ட விகிதத்தைவிட இது குறைவு. கர்ப்பிணிகளுக்குத் தனி ஆபத்து ஏதுமில்லை என்ற எண்ணம் பரவியது.

இந்தியாவில் இந்த எண்ணத்தை இன்னொரு விஷயம் வலுப்படுத்தியது. தடைசெய்யப்பட்ட பகுதிகளில் வசிக்கும், ஐந்து நாளுக்குள் பிரசவமாகக்கூடிய பெண்களுக்கு அறிகுறியே இல்லாவிட்டாலும் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2020 ஏப்ரல் 20-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) அறிவுறுத்தியது. மற்றவர்களுக்குக் காய்ச்சல், இருமல் வந்த பிறகுதான் சோதனை. கர்ப்பிணிகளில் நலமாக இருந்தவர்களுக்கும் சோதனை. இப்படித் தேடினால் லேசான தொற்றுகள்தான் அதிகம் அகப்படும். மகாராஷ்டிரத்தில் ஐசிஎம்ஆர் நடத்திய ‘பிரெக்கோவிட்’ பதிவேட்டில் முதல் அலையின்போது சேர்ந்த 4,203 பெண்களில் அறிகுறி இருந்தவர்கள் 13 சதவீதம் மட்டுமே. இதைப் பார்த்தால் நோய் சாதுவானது என்று தோன்றும். ஆனால் அதே பதிவேட்டில் பிரசவித்தவர்களில் 16 சதவீதத்துக்கு மேல் குறைப்பிரசவம். 10 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தக் கோளாறு. 34 பேர் இறந்திருந்தார்கள்.

ஒப்பிட வேண்டிய முறையில் ஒப்பிட்டபோது கதை மாறியது. 2020 நவம்பரில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், அறிகுறியோடு நோயுற்ற பெண்களை மட்டும் எடுத்து, கர்ப்பிணிகளையும் அதே வயதுள்ள மற்றவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. ஆயிரம் பேருக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டவர்கள் கர்ப்பிணிகளில் 10.5, மற்றவர்களில் 3.9. வென்டிலேட்டர் தேவைப்பட்டவர்கள் முறையே 2.9, 1.1.

மூச்சின் கணக்கு

காரணத்தை நுரையீரலிலிருந்து தொடங்கலாம். கருப்பை வளர வளர உதரவிதானம் சுமார் 4 சென்டிமீட்டர் மேலே தள்ளப்படுகிறது. மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் தங்கியிருக்கும் காற்றுதான் நம் கையிருப்பு. நிறைமாதத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அதே சமயம் உடலின் ஆக்சிஜன் தேவை ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. வரவு குறைந்து செலவு ஏறிய குடும்பம் இது. நல்ல நாளில் ஓடிவிடும். நிமோனியா வந்து நுரையீரலின் ஒரு பகுதி அடைபட்டால் தாங்க நேரம் கிடைக்காது. மற்றவர்கள் மெல்ல மெல்ல மோசமாகும் இடத்தில் கர்ப்பிணிகள் சட்டென்று சரிவதற்கு இதுவே காரணம்.

இங்கே ஒரு ஆய்வுக்கூட ரிப்போர்ட்டை உற்றுப் பார்ப்பது நல்லது. ரத்த வாயுப் பரிசோதனைத் தாளில் கார்பன் டை ஆக்சைடுக்கு எதிரே, ‘நார்மல்: 35–45’ என்று அச்சடித்திருக்கும். கர்ப்பத்தில் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன் மூச்சை ஆழமாக்குவதால் இந்த அளவு இயல்பாகவே 28 முதல் 32 வரை இறங்கிவிடும். மூச்சுத் திணறலோடு வந்த கர்ப்பிணிக்கு 40 என்று வந்தால், அச்சடித்த வரம்பின்படி அவள் நலம். உண்மையில் அவள் மூச்சு விட்டுக் களைத்துப்போய்க்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

ஆக்சிஜன் செறிவும் அப்படித்தான். மற்ற நோயாளிகளுக்கு 92, 93 இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம் என்றிருந்த காலத்தில், கர்ப்பிணிக்கு 95-க்குக் கீழே இறங்க விடக்கூடாது என்று மகப்பேறு மருத்துவ அமைப்புகள் வற்புறுத்தின. கருவுக்கு ஆக்சிஜன் போவது தாயின் ரத்தத்துக்கும் கருவின் ரத்தத்துக்கும் இடையிலுள்ள அழுத்த வித்தியாசத்தால். தாயின் அளவு இறங்கினால் அந்த வித்தியாசமே கரைந்துபோகும்.

எக்ஸ்ரே எடுத்தால் பிள்ளைக்கு ஆகாது என்ற பயமும் பலருக்கு நோயறிதலைத் தாமதமாக்கியது. நெஞ்சு எக்ஸ்ரேயில் கருவைச் சேரும் கதிர்வீச்சு 0.01 மில்லிகிரேவைத் தாண்டுவதில்லை. நெஞ்சு சிடி ஸ்கேனிலும் ஒரு மில்லிகிரேவுக்குக் குறைவுதான். கருவில் ஊனம் பற்றிய கவலை தொடங்குவது 50 மில்லிகிரேவுக்கு மேல். கண்டுபிடிக்காமல் விட்ட நிமோனியாவின் கேடு இதைவிடப் பல மடங்கு பெரிது.

ரத்தமும் ரத்தக் குழாயும்

பிரசவத்தில் ரத்தம் அதிகம் போய்விடாதிருக்க, கர்ப்ப காலத்தில் உடல் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்கிறது. உறைவதற்கு உதவும் புரதங்கள் கூடுகின்றன. உறைதலைத் தடுக்கும் புரோட்டீன் எஸ் குறைகிறது. கொரோனாவும் ரத்தக் குழாய்களின் உட்சுவரைப் புண்ணாக்கி உறைதலைத் தூண்டும் நோய். இரண்டும் ஒரே உடலில் சேரும்போது கால் சிரையிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி அடைக்கும் வாய்ப்பு கூடும். அதனால்தான் மருத்துவமனையில் சேர்ந்த கர்ப்பிணிகளுக்கு ஹெப்பாரின் ஊசி போடப்பட்டது. அது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போவதில்லை. இங்கும் அளவுகோல் சிக்கல் உண்டு. தனியார் லேபுகளில் எல்லோரும் எடுத்துப் பார்த்துப் பதறிய, ரத்த உறைதலைக் காட்டும் டி-டைமர், நலமான கர்ப்பிணிக்கே மாதம் ஏற ஏற உயரும்.

அடுத்தது ரத்த அழுத்தம். பிரஷர் ஏறி, சிறுநீரில் ‘உப்பு’ என்று பேச்சில் சொல்லப்படும் புரதம் இறங்கி, முற்றினால் வலிப்பு வரும் பிரீஎக்ளாம்ப்சியா நம் ஊர்ப் பெண்களுக்குப் புதிதல்ல. 18 நாடுகளில், 43 மருத்துவமனைகளில் நடந்த ‘இன்டர்கோவிட்’ ஆய்வு 2021 ஏப்ரலில் வெளிவந்தது. தொற்று கண்ட 706 கர்ப்பிணிகளையும், அதே காலத்தில் தொற்றில்லாமல் இருந்த 1,424 கர்ப்பிணிகளையும் அது ஒப்பிட்டது. தொற்று கண்டவர்களுக்கு இந்த ரத்த அழுத்தக் கோளாறு 1.76 மடங்கும், குறைப்பிரசவம் 1.59 மடங்கும், தாய் இறப்பு 22 மடங்கும் அதிகமாக இருந்தன.

ஆனால் பார்வைக்குப் பிரீஎக்ளாம்ப்சியாவாகத் தெரிந்த எல்லாமே அதுவல்ல. பார்சிலோனா மருத்துவர்கள் 2020-ல் 42 கர்ப்பிணிகளைக் கவனித்தார்கள். நோய் கடுமையாகி இருந்த 8 பேரில் 5 பேருக்குப் பிரீஎக்ளாம்ப்சியாவின் லட்சணங்கள் பொருந்தின. நஞ்சுக்கொடியிலிருந்து வரும் புரதங்களை அளந்து பார்த்தபோது ஒருவருக்குத்தான் அது உறுதியானது. பிரீஎக்ளாம்ப்சியாவுக்குத் தீர்வு பிரசவம். கொரோனா உண்டாக்கிய போலித் தோற்றமாக இருந்தால், நிமோனியா தணியத் தணியத் தானே சரியாகலாம். குழந்தையை அவசரமாக வெளியே எடுக்க வேண்டியதில்லை. இந்த வேறுபாடு தெரியாத இடத்தில் தேவைக்கு முன்பே சிசேரியன் நடந்துவிடும்.

நஞ்சுக்கொடி

வைரஸ் செல்லுக்குள் நுழைய இரண்டு புரதங்கள் வேண்டும்: ஏசிஇ-2, டிஎம்பிஆர்எஸ்எஸ்-2. இவை இரண்டும் சேர்ந்தே இருக்கும் செல்கள் நஞ்சுக்கொடியில் மிகக் குறைவு. பெரும்பாலான குழந்தைகள் தொற்றில்லாமல் பிறந்ததற்கு இது ஒரு காரணம். ஆனால் தாண்ட முடிந்த சில இடங்களில் வைரஸ் நஞ்சுக்கொடியையே நாசமாக்கியது.

பிரசவம் முடிந்தால் நஞ்சு முழுதாக வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். அதன் பிறகு யாரும் அதை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. கொரோனா காலத்தில் நோயியல் மருத்துவர்கள் அதை அறுத்து நுண்ணோக்கியில் வைத்தார்கள். அமெரிக்க நோயியலாளர் டேவிட் ஸ்வார்ட்ஸ் தலைமையில் 12 நாடுகளிலிருந்து, வயிற்றிலேயே இறந்த அல்லது பிறந்ததும் இறந்த குழந்தைகளின் 68 நஞ்சுக்கொடிகள் ஆராயப்பட்டு 2022-ல் முடிவுகள் வெளிவந்தன. தாயின் ரத்தம் பாயும் இடுக்குகளில் ஃபைப்ரின் படிந்து கெட்டியாகி இருந்தது. அழற்சிச் செல்கள் மொய்த்திருந்தன. நஞ்சுக்கொடியின் விரல் போன்ற மடிப்புகளைப் போர்த்தியிருக்கும் செல்லடுக்கு செத்துப்போயிருந்தது. சராசரியாக நஞ்சுக்கொடித் திசுவில் 77.7 சதவீதம் பயனற்றுப் போயிருந்தது. குழந்தைகளைக் கொன்றது ஆக்சிஜன் இல்லாமை. அந்தத் தாய்மார்களில் ஒருவர்கூடத் தடுப்பூசி போட்டிருக்கவில்லை.

அமெரிக்காவில் 2020 மார்ச் முதல் 2021 செப்டம்பர் வரை நடந்த 12 லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைப் பிரசவங்களை ஆராய்ந்ததில், தொற்றுள்ள தாய்மார்களிடம் குழந்தை இறந்து பிறக்கும் ஆபத்து டெல்டா திரிபுக்கு முன் 1.47 மடங்காக இருந்து, டெல்டா காலத்தில் 4.04 மடங்காக உயர்ந்தது. தாய்க்குக் காய்ச்சல் லேசாக வந்து போயிருந்தாலும், பிள்ளையின் அசைவு குறைந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

பிள்ளைக்கு என்ன?

தாயிடமிருந்து கருவுக்குத் தொற்று கடப்பது நடக்கும், ஆனால் அரிது. 2020 ஜூலையில் பிரான்ஸ் மருத்துவர்கள் அதை முதலில் ஐயமற நிறுவினார்கள். மகப்பேறு ஆய்வாளர் ஷகிலா தங்கரத்தினமும் அவரது குழுவினரும் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலிருந்து உலகெங்கும் வந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, தொற்றுள்ள தாய்மார்களின் குழந்தைகளில் 2 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே வைரஸ் இருந்தது தெரிந்தது. நோர்டிக் நாடுகளின் பதிவேடுகளை வைத்து 2024-ல் வெளிவந்த பெரிய ஆய்வில், முதல் மூன்று மாதத்தில் தொற்று வந்தாலும் தடுப்பூசி போட்டாலும் பிறவிக் குறைபாடுகள் கூடியதாகத் தெரியவில்லை.

தாய்ப்பாலைப் பற்றிய பயம் தேவையற்றதாகவே முடிந்தது. 2020-ல் கலிஃபோர்னியாவில் 18 தாய்மார்களின் பால் சோதிக்கப்பட்டது. பெருகக்கூடிய உயிருள்ள வைரஸ் எதிலும் இல்லை. முகக்கவசம் போட்டு, கை கழுவிப் பால் கொடுக்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பிறந்ததும் தாயையும் பிள்ளையையும் பிரித்துவைத்த மருத்துவமனைகள் பின்னால் அந்த வழக்கத்தைக் கைவிட்டன. 2020 நவம்பரில் சிங்கப்பூரில் ஒரு குழந்தை எதிர்ப்புப் புரதங்களோடு பிறந்தது செய்தியானது. தாய்க்குத் தொற்று வந்தது மார்ச் மாதத்தில். தாய் பெற்ற எதிர்ப்பாற்றல் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது என்பது பிறகு தடுப்பூசியிலும் நிரூபணமானது. கர்ப்ப காலத்தில் இரண்டு தவணை போட்ட தாய்மார்களின் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் கொரோனாவால் மருத்துவமனையில் சேர்வது 61 சதவீதம் குறைந்ததை அமெரிக்க ஆய்வு 2022-ல் காட்டியது.

இரண்டாம் அலையும் தடுப்பூசியும்

ஐசிஎம்ஆர் பதிவேட்டின் ஒரு பகுதியைக் கொண்டு இரண்டு அலைகளும் ஒப்பிடப்பட்டன. முதல் அலையில் 1,143 பெண்கள், இரண்டாம் அலையில் 387 பெண்கள். அறிகுறியோடு வந்தவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து 28.7 சதவீதமாக இரட்டித்தார்கள். இறப்பு 0.7 சதவீதத்திலிருந்து 5.7 சதவீதமாக எகிறியது. தமிழ்நாட்டில் 2021 மே 21 அன்று ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று பதிவானது. அந்த மாதத்தில்தான் மதுரையில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியில் இருந்த, எட்டு மாதக் கர்ப்பிணியான இளம் மருத்துவர் கொரோனாவால் இறந்தார். சுகாதாரப் பணியாளர்களுக்கு ஜனவரி 16 முதலே தடுப்பூசி இருந்தது. கர்ப்பிணி என்பதால் அவருக்கு அது கிடைக்கவில்லை.

கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போடலாம் என்று ஒன்றிய அரசு அனுமதித்தது 2021 ஜூலை 2-ல். அலை வடிந்த பிறகு. பிரிட்டன் ஏப்ரலிலேயே அனுமதித்திருந்தது. தடுப்பூசி ஏற்றுக்கொண்ட 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கக் கர்ப்பிணிகளின் விவரங்களும் ஏப்ரலில் வெளிவந்திருந்தன; அதில் அச்சப்பட எதுவும் இல்லை. தாமதத்தின் வேர் இன்னும் பின்னால் இருந்தது. தடுப்பூசிகளின் முதல் பரிசோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவே இல்லை. தரவு இல்லை என்பதால் அனுமதி இல்லை. அனுமதி இல்லை என்பதால் தரவும் இல்லை. இலங்கையிலும் டெல்டா கர்ப்பிணிகளைத் தாக்கியபோது, 2021 செப்டம்பரில் சுகாதார அதிகாரிகள் கருத்தரிப்பதையே தள்ளிப்போடச் சொல்லும் நிலை வந்தது.

இதற்கு மாறான முன்மாதிரியும் அதே காலத்தில் இருந்தது. பிரிட்டனின் ‘ரெகவரி’ சிகிச்சைப் பரிசோதனை ஆரம்பத்திலிருந்தே கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொண்டது. டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகும் என்பதால், அவர்களுக்கு மட்டும் பிரெட்னிசலோன் அல்லது ஹைட்ரோகார்ட்டிசோன் கொடுக்க ஏற்பாடு செய்தது. மருந்தை மாற்றினார்கள், பெண்களை விலக்கவில்லை.

எழுபது கிலோமீட்டர்

கடையநல்லூர் அரசு மருத்துவமனையிலிருந்து தென்காசி தலைமை மருத்துவமனைக்குச் சுமார் 17 கிலோமீட்டர். தென்காசியில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லாததால், நிலைமை முற்றினால் பாளையங்கோட்டையில் மருத்துவக் கல்லூரியோடு இணைந்த ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். ஏறக்குறைய 70 கிலோமீட்டர். நுரையீரலில் கையிருப்பு இல்லாத பெண்ணுக்கு இந்தத் தூரம் நோயின் ஒரு பகுதியாகவே ஆகிவிடும். எனவே எப்போது கிளம்புவது என்ற முடிவு ஆக்சிஜன் செறிவு 95-ல் இருக்கும்போதே எடுக்கப்பட வேண்டும். 90 வரை காத்திருந்தால் வழியிலேயே நேரம் தீர்ந்துவிடும்.

ரத்தசோகை இதை இன்னும் சிக்கலாக்குகிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏற்றியிருக்கிறது என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்று சொல்லாது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைத் தாங்கும். ஹீமோகுளோபின் 12 உள்ள பெண்ணின் 100 மில்லி ரத்தத்தில் 15 மில்லிக்கு மேல் ஆக்சிஜன் போகும். 7 உள்ள பெண்ணுக்கு 9 மில்லிதான். இருவர் விரலிலும் கருவி 97 என்றே காட்டும். தெருத்தெருவாக ஆக்சிமீட்டரோடு போன சுகாதாரச் செவிலியர் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஹீமோகுளோபினையும் எழுதி வைத்துப் பார்த்திருந்தால்தான் முழு விவரம் தெரிந்திருக்கும்.

தமிழ்நாட்டுக்கு இதைச் செய்யும் வசதி உண்டு. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் அரசின் கர்ப்பப் பதிவேடான ‘பிக்மி’யில் ஓர் எண் இருக்கிறது. பிரசவங்களில் 99 சதவீதத்துக்கு மேல் மருத்துவமனையில் நடக்கின்றன. ரத்தசோகை, சர்க்கரை, உடல் எடை, முந்தைய பிரஷர் எல்லாம் அந்த எண்ணின்கீழ் ஏற்கெனவே பதிவாகின்றன. பர்மிங்ஹாம் ஆய்வு ஆபத்தைக் கூட்டுவதாகச் சொன்ன காரணிகளும் பெரும்பாலும் இவையே: வயது, உடல் பருமன், ஏற்கெனவே உள்ள ரத்த அழுத்தம், நீரிழிவு.

ஒமைக்ரானுக்குப் பிறகு நோயின் கடுமை தணிந்திருக்கிறது. ஆனாலும் தடுப்பூசி போடாத கர்ப்பிணிகளிடம் அதன் ஆபத்து மிஞ்சியிருந்ததை 2023 ஜனவரியில் வெளிவந்த இன்டர்கோவிட் குழுவின் இரண்டாவது ஆய்வு காட்டியது. கர்ப்ப காலத்தில் தொற்று கண்ட பெண்களில் 9.3 சதவீதம் பேருக்கு ஆறு மாதம் கழித்தும் களைப்பு போன்ற தொந்தரவுகள் நீடித்ததாக அமெரிக்க ஆய்வு ஒன்று 2024-ல் கண்டது. பிள்ளை பெற்றவளுக்குக் களைப்பு இருக்கத்தான் செய்யும் என்று அதையும் கடந்துவிடுவது எளிது.

அடுத்த சுவாசத் தொற்று எப்போது வரும் என்பதைக் கணிக்க முடியாது; அது வரும்போது கர்ப்பிணிகள் இருப்பார்கள் என்பது நிச்சயம். அதற்கு முன்பே செய்துவைக்கக்கூடிய காரியங்கள் பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஆய்வுக்கூட ரிப்போர்ட்டில் கர்ப்பிணிக்குத் தனி வரம்பை அச்சடிக்கலாம். ஆக்சிமீட்டர் அளவையும் ஹீமோகுளோபினையும் பிக்மி பதிவில் ஒன்றாகக் காட்டலாம். மாற்றி அனுப்பும் எல்லையைத் தூரத்துக்கு ஏற்ப வகுக்கலாம்: பாளையங்கோட்டையில் இருப்பவளுக்கு ஒன்று, கடையநல்லூரில் இருப்பவளுக்கு அதைவிட முன்னதாக ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, புதிய தடுப்பூசியோ மருந்தோ பரிசோதனைக்கு வரும்போது கர்ப்பிணிகளையும் சேர்ப்பது விதியாக வேண்டும். விலக்குவதற்குத்தான் காரணம் காட்டச் சொல்ல வேண்டும்.